நீலச் சொட்டும் கறுப்புப் பொருக்கும்

லைம் நோய்க்கு மெத்திலின் புளூ நல்லது என்ற பேச்சு அமெரிக்காவிலிருந்து கைபேசி வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ஆலங்காயம் பக்கத்தில் ஆளைச் சாய்க்கும் பூச்சிக் காய்ச்சல் வேறு. அதற்கான மருந்தும் ரொம்ப நாளாகக் கையிலேயே இருக்கிறது.

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோலைத் தரம் பிரிப்பவர்களிடம் உண்ணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி அதை என்ன பாடு படுத்தியது என்பதை அதன் தோல் சொல்லிவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, குரோமில் பதனிட்டு, ‘வெட் ப்ளூ’வாக மேசையில் விரிக்கும்போது கடிபட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும். ஷூவின் மேல்பாகத்துக்குப் போயிருக்க வேண்டிய தோல் கீழ்த் தரத்துக்கு இறங்கும். விலையும் கூடவே இறங்கும்.

மாட்டுத் தோலில் உண்ணி போட்ட கணக்கை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த இந்த வட்டாரத்தில், மனிதத் தோலில் பூச்சி விட்டுப்போகும் தடயத்தைப் பார்க்க நமக்கு நேரமில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். ஒரு பக்கம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகும் காட்டோரம், மறுபக்கம் காலையில் வேன் ஏறி ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போகும் ஜனம். வடகிழக்குப் பருவமழை விட்டபின் இங்கே வரும் காய்ச்சலில் ஒரு பங்கு, புல்வெளிப் பூச்சி கடித்து வருவது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில், கடல் கடந்து வந்த இன்னொரு பூச்சி நோயின் பெயரும், அதற்கு மாற்று மருந்து என்று சொல்லப்படும் ஒரு நீலத் திரவத்தின் பெயரும் காதில் விழத் தொடங்கியிருக்கின்றன.

அந்த நீலத் திரவம் மெத்திலின் புளூ. அது போலி மருந்தல்ல. மருத்துவ வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அதனாலேயே அதன் பெயரில் சொல்லப்படும் எதையும் நம்பிவிடும் ஆபத்தும் கூடுதல்.

லைம் என்ற ஊர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். 1975 வாக்கில் அந்த ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குழந்தைகள் பலருக்கு ஒரே மாதிரி மூட்டு வீக்கம் வந்தது. இது தற்செயல் இல்லை என்று சந்தேகப்பட்டு, சுகாதாரத் துறையை விடாமல் தட்டியவர்கள் அங்கிருந்த தாய்மார்கள். பாலி முர்ரே அவர்களில் ஒருவர். ஆலன் ஸ்டியர் என்ற மருத்துவர் ஆராய்ந்து, இது உண்ணி கடித்து வருவதாக இருக்கலாம் என்றார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: போரேலியா பர்க்டார்ஃபெரி.

காட்டெலியிடமிருந்து இக்சோடிஸ் வகை உண்ணிக்கும், அதனிடமிருந்து மனிதனுக்கும் இந்தக் கிருமி வருகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உண்ணி உடலில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தொற்றும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவும். காய்ச்சல், உடல்வலி வரும். கவனிக்காமல் விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் என்று போகும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இதற்காகச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது.

சிகிச்சை எளிது. டாக்சிசைக்ளின் மாத்திரையை 10 நாளிலிருந்து 21 நாள் வரை கொடுப்பார்கள். பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். சிக்கல் மீதியுள்ளவர்களிடம்தான். சிகிச்சை முடிந்த பிறகும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு அசதி, மூட்டுவலி, ஞாபகக் குறைவு மாதக்கணக்கில் நீடிக்கிறது. கிருமி ஒளிந்திருப்பதாலா, கிருமி போன பின்னும் உடலின் எதிர்ப்பு ஆற்றல் அடங்காததாலா என்பது இன்னும் முடியாத வழக்கு. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகுமா என்று பார்த்தார்கள். 2001இல் அமெரிக்காவில் 90 நாள் சிகிச்சையும், 2016இல் நெதர்லாந்தில் 12 வாரச் சிகிச்சையும் ஆராயப்பட்டன. ஒப்பீட்டுக் குழுவைவிட நீண்ட சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

வலி நிஜம், ஆனால் மருத்துவரிடம் பதில் இல்லை. இப்படி ஒரு இடைவெளி விழும்போது மாற்று மருந்துகள் வந்து நிரப்புவது உலகெங்கும் நடப்பதுதான். லைம் நோயில் அப்படி நுழைந்தவற்றுள் ஒன்று மெத்திலின் புளூ.

சாயத்திலிருந்து வந்த மருந்து

1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிஷ் காரோ என்ற வேதியியலாளர் துணிச் சாயத்துக்காக உருவாக்கியது மெத்திலின் புளூ. நூலைவிட நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில்தான் அதற்குப் பேர் கிடைத்தது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிக்கு நிறம் ஏற்ற உதவியது இந்தச் சாயம்தான்.

பால் எர்லிக் இன்னொரு படி மேலே போனார். உடலின் சில செல்களில் மட்டும் இந்தச் சாயம் ஒட்டுகிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. அப்படியானால் கிருமியில் மட்டும் ஒட்டி அதை மட்டும் கொல்லும் சாயம் இருக்க முடியாதா? 1891இல் பெர்லினில் பால் குட்மனும் எர்லிக்கும் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலின் புளூ கொடுத்தார்கள். இருவரும் தேறினார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட ஒரு செயற்கைப் பொருள் தொற்றுநோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது அதுதான் முதல்முறை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னாளில் வந்த மலேரியா மருந்துகளும், மனநோய் மருத்துவத்தைத் திருப்பிப்போட்ட குளோர்புரோமசினும் ஏதோ ஒரு வகையில் இந்தச் சாயத்தின் வழிவந்தவை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மலேரியா ஊழியர் வீட்டுக்கு வந்து, விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்துப் போனது அந்தக் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தகட்டுக்கு நிறமேற்ற 1940களில் ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரு இந்தியர்கள் உருவாக்கிய ஜே.எஸ்.பி சாயத்தில் இருப்பது மெத்திலின் புளூ. இன்றும் காசநோய்க்குச் சளி பார்க்கும் ஆய்வகத்தில் சிவப்புக் கிருமிக்குப் பின்னால் தெரியும் நீலப் பின்னணி அதுவே. தொழுநோய்க்குத் தோலைக் கீறிப் பார்க்கும் பரிசோதனையிலும் அதே நீலம். பால் பரிசோதனையிலும் உண்டு: மாதிரிப் பாலில் கொஞ்சம் மெத்திலின் புளூ விட்டு வைப்பார்கள். ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்துவிட்டால் கிருமி மண்டிய பால்.

அறுவைச் சிகிச்சை அரங்கிலும் அதற்கு வேலை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் முதலில் எந்த நிணநீர் முடிச்சுக்குப் பரவும் என்று கண்டறிய இந்தச் சாயத்தைச் செலுத்துகிறார்கள். மலேரியாவுக்கும் அதை மறுபடி எடுத்திருக்கிறார்கள். புர்கினா ஃபாசோ, மாலி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளில், நோயாளியிடமிருந்து கொசுவுக்குப் போகும் பருவத்திலுள்ள மலேரியா ஒட்டுண்ணியை அது விரைவாக ஒழிப்பது தெரியவந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது, இவ்வளவு செய்யும் மருந்து லைம் நோயை மட்டும் விட்டுவிடுமா என்று தோன்றுவது இயல்பு. விற்பனைப் பேச்சு தொடங்குவதும் அங்கேதான்.

ரத்தம் சாக்லேட் நிறமாகும்போது

மெத்திலின் புளூ உயிர்காக்கும் மருந்து என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு நோய்நிலை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மருந்தின் பலமும் ஆபத்தும் சேர்ந்தே புரியும்.

ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். சில ரசாயனங்கள் அந்த இரும்பிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அப்படி மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். அது ஆக்சிஜனைச் சுமக்காது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஆக்சிஜன் வைத்தாலும் மூச்சுத் திணறல் அடங்காது. அனிலின் சேர்மங்கள் இதைச் செய்யும். நம் கிராமங்களில் பூ பிடிக்கவும் காய் பிடிக்கவும் பயிருக்குத் தெளிக்கும் நைட்ரோபென்சீன் திரவத்தை ஒருவர் குடித்துவிட்டால், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் எழும் சந்தேகம் இதுதான்.

அங்கே மருத்துவர் மெத்திலின் புளூவை நரம்பில் ஏற்றுவார். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், மெதுவாக. ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியின் உதவியோடு அது எலெக்ட்ரானை வாங்கி இரும்புக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆள் பிழைப்பார். 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் பயன்பாட்டுக்கு முறைப்படி அனுமதி தந்தது.

ஆபத்துகளும் இந்தச் செயல்பாட்டிலிருந்தே கிளம்புகின்றன. அளவு ஏறினால், குணப்படுத்த வேண்டிய அதே மெத்ஹீமோகுளோபினை மருந்தே உண்டாக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த எலெக்ட்ரான் கைமாற்று நடக்காது. மாறாகச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தச்சோகையில் தள்ளும். நம் நாட்டில் இந்தக் குறைபாடு அரிதல்ல. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

மூன்றாவதாக இன்னொரு ஆபத்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்சிடின் போன்ற மாத்திரைகளோடு மெத்திலின் புளூ சேர்ந்தால், மூளையில் செரட்டோனின் அளவு கண்டபடி ஏறும். நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், குழப்பம், சில சமயம் மரணம். 2011இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

தொழுநோய் மாத்திரை அமெரிக்கா போன கதை

லைம் நோய்க்குள் மெத்திலின் புளூ நுழைந்த வழிகளில் ஒன்று, வேலூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மாத்திரை ஒன்றைத் தொட்டுச் செல்கிறது.

ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்த பகுதி. 1940களில் சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் தொழுநோய்க்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) பணியாற்றியவர். அந்தச் சல்ஃபோன் குடும்பத்தில் நிலைத்த மாத்திரை டாப்சோன். 1955இல் வேலூரை அடுத்த காரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனை, அந்தச் சிகிச்சையின் நிறைகுறைகளைப் பல பத்தாண்டுகள் கூர்ந்து பார்த்த இடம். டாப்சோனை மட்டும் தனியாகக் கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிப்போனது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1980களின் தொடக்கத்தில் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

டாப்சோனின் பக்கவிளைவுகளில் பேர்பெற்றது மெத்ஹீமோகுளோபின்தான். உதடு நீலம் பாரித்த தொழுநோயாளிகளை நம் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது நியூயார்க். நாள்பட்ட லைம் நோய்க்குச் சிகிச்சை தரும் ரிச்சர்ட் ஹோரோவிட்ஸ் என்ற மருத்துவர், டாப்சோனை இரட்டை அளவில் மற்ற ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கையாண்டு, 2020இலிருந்து மருத்துவ இதழ்களில் எழுதி வருகிறார். டாப்சோனை இவ்வளவு ஏற்றினால் மெத்ஹீமோகுளோபின் ஏறும். அதை இறக்க மெத்திலின் புளூ. பிறகு அந்த நீலமே கிருமியையும் கொல்லும் என்ற எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில், லைமோடு சேர்ந்து வருவதாகச் சொல்லப்படும் பார்டோனெல்லா என்ற கிருமியின் மேல் மெத்திலின் புளூ நன்றாக வேலை செய்ததும் இந்த எதிர்பார்ப்புக்கு வலு சேர்த்தது.

ஆனால் அந்த வேலை நடந்தது ஆய்வகத்தில். கண்ணாடிக் குடுவையில் கிருமியைக் கொல்லும் பொருள்கள் ஆயிரம் உண்டு. மனித உடலில், தாங்கக்கூடிய அளவில், அதே வேலையைச் செய்பவை மிகச் சில. ஹோரோவிட்ஸின் அறிக்கைகள் தன்னிடம் வந்த நோயாளிகளின் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு அவற்றில் இல்லை. ஒப்பீடு இல்லாதபோது, மருந்தால் தேறியவர் யார், காலத்தால் தேறியவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் லைம் வழிகாட்டுதல்களிலும் மெத்திலின் புளூவுக்கு இடமில்லை.

டாப்சோன் நம் மண்ணில் நம்பிக்கை பெற்ற விதத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மருந்து தோற்ற இடத்தையும் மறைக்காமல் எழுதினார்கள். தோல்வி தெரிந்ததும் சிகிச்சை முறையை மாற்றினார்கள். காரிகிரி நமக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. நீலச் சொட்டு விற்பவர்களிடம் அந்த ஒழுங்கைத்தான் நாம் கேட்க வேண்டும்.

பாவ்நகரில் நடந்தது

இந்தியாவுக்கு மெத்திலின் புளூ மோகம் புதிதல்ல. கொரோனா காலத்தில் குஜராத்தின் பாவ்நகரில் அது கொரோனாவைத் தடுக்கும் என்ற செய்தி பரவியது. நீலத் திரவம் வீடு வீடாகப் போனது. நாக்கு நீலமான படங்கள் பெருமையாகப் பகிரப்பட்டன. 2021இல் இரண்டாம் அலை வந்தபோது நாட்டின் பல ஊர்களில் ஜனங்கள் அதைத் தேடி அலைந்தார்கள். கொரோனாவுக்கான தேசியச் சிகிச்சை நெறிமுறையில் அது கடைசிவரை இடம்பெறவில்லை.

அந்த மோகத்தில் இன்னொரு விஷயமும் வெளியே தெரிந்தது. மெத்திலின் புளூ பல தரங்களில் கிடைக்கிறது. மீன்தொட்டிக் கடையில் மீனுக்கு வரும் பூஞ்சைக்காக விற்கிறார்கள். ஆய்வகத்துக்குச் சாயத் தரத்தில் விற்கிறார்கள். தொழிற்சாலைத் தரமும் உண்டு. ஊசி மருந்துக்கான தூய்மை இவை எதிலும் எதிர்பார்க்க முடியாது; ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகக் கலப்பு இருக்கலாம். ரசாயனத் தரம் என்றால் என்ன என்று தோல் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரம்மில் போடும் சாயத்தை யாரும் வாயில் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். கேனில் வந்தது சின்னப் புட்டிக்கு மாறி, மேலே ஒரு சொட்டுக்குழாய் ஏறிவிட்டால் மட்டும் அது மருந்தாகிவிடுமா?

நம்ம ஊர்ப் பூச்சி

லைம் நோய் இந்தியாவிலேயே இல்லை என்று சொல்ல முடியாது. இமாச்சலம், ஹரியானா போன்ற வட மாநிலங்களிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கர்நாடகத்தின் நாகரஹோளே, பந்திப்பூர் காட்டுப் பகுதிகளில் நடந்த ஆய்வில் சிலர் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. ஆனால் எதிர்ப்பொருளை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. எலிக்காய்ச்சலும் சிபிலிஸும் சுருள் கிருமிகளால் வருபவை என்பதால், அவற்றின் எதிர்ப்பொருளும் லைம் பரிசோதனையைக் குழப்பும். உண்ணியால் வரும் நோய்களில் தென்னிந்தியா அதிகம் அஞ்ச வேண்டியது க்யாசனூர் காட்டுக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட வைரஸ் நோய் அது.

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வட்டாரத்தின் சொந்தப் பூச்சிக் காய்ச்சல் ஸ்க்ரப் டைஃபஸ். செய்தித்தாள்கள் அதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஆனால் இதைப் பரப்புவது மாட்டில் தொங்கும் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் எலி வளையோரத்திலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு அது. வளர்ந்த பூச்சி மண்ணிலேயே வாழ்ந்துவிடும். குஞ்சுப் பருவத்தில் மட்டும் எலியையோ மனிதனையோ ஒருமுறை கடிக்கும். கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி உடலுக்குள் போகிறது. ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டதால் கிருமிக்கு ஜப்பானியப் பெயர். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் நின்ற சிப்பாய்களை இது வாட்டி எடுத்தது.

கடித்து ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடல்வலி. டெங்குவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா என்று குழம்ப வைக்கும். இதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தடயம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இருக்கும் இடமும் பெரும்பாலும் மறைவான இடம்: அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுகும் பகுதி, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம். வேலூர் சி.எம்.சி. 2014இல் வெளியிட்ட, 623 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் இந்தப் பொருக்கு இருந்தது. அதே ஆய்வில் 100க்கு 9 பேர் இறந்திருந்தார்கள்.

எத்தனை வீட்டை இது தொடுகிறது? சி.எம்.சி. ஆய்வாளர்களும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் நிறுவனத்தினரும் வட தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2025இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர நேரும் காரணங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் முன்வரிசையில் இருப்பதை அது காட்டியது. நம் வயலோரத்து நோய் உலகின் பெரிய மருத்துவ இதழ் வரை போய்விட்டது. பக்கத்து மருந்துக்கடைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அது ஏன் முக்கியம்? காய்ச்சல் என்றதும் பலர் முதலில் நிற்பது மருந்துக்கடை வாசலில். அங்கே கிடைக்கும் அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் போன்ற மாத்திரைகள் இந்தக் கிருமியைத் தொடாது. கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் அந்த வகை மருந்துகளுக்கு அங்கே வேலையில்லை. மூன்று நாள் ஒரு மாத்திரை, பிறகு நான்கு நாள் வேறு மாத்திரை என்று வாரம் கழிந்தால் நுரையீரல் நீர் கோக்கும், சிறுநீரகம் மந்தமாகும், மூளைக்காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் சரியும்.

இதை நிறுத்தும் மருந்து டாக்சிசைக்ளின். லைம் நோய்க்கு அமெரிக்காவில் கொடுக்கும் அதே மாத்திரை. 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, வழக்கமாக ஏழு நாள். ஒரு மாத்திரைக்குச் சில ரூபாய்தான் ஆகும். அரசு மருத்துவமனையில் இலவசம். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும். இவ்வளவு வேகமாகக் கேட்பதே நோய் இதுதான் என்பதற்கு ஒரு அடையாளம் என்பார்கள் மருத்துவர்கள்.

நோய் முற்றிவிட்டால்? அந்தக் கேள்விக்கும் வேலூரே பதில் தேடியது. சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், தீவிர ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் 794 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நரம்பு வழியாக டாக்சிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்து. 2023இல் முடிவு வெளியானது. மரணம், ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒற்றை மருந்துக் குழுக்களில் ஏறத்தாழ 47, 48 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 33 சதவீதம். இரண்டும் பழைய மருந்துகள், மலிவான மருந்துகள். எது, எப்படிக் கொடுத்தால் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்து நிரூபித்ததுதான் புதிது.

பெண்களின் காய்ச்சல்

இந்த நோயில் மருந்தைவிடப் பெரிய தடை கூச்சம். காட்டோரம் விறகு பொறுக்குவது, புல் அறுப்பது, களை எடுப்பது, ஒதுங்கப் புதரை நாடுவது எல்லாமே பெண்களைப் பூச்சியின் வழியில் நிறுத்துகிறது. பொருக்கு இருக்கும் இடமோ சொல்லக் கூசும் இடம். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில், திரை இல்லாத மேசையில், சேலையை விலக்கிப் பார்க்கச் சொல்லி எந்தப் பெண்ணும் கேட்கப்போவதில்லை. மருத்துவரும் பார்ப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். முதல் வாரத்தில் ஐ.ஜி.எம் எலைசா தெளிவாகக் காட்டாமல் போகலாம். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையை நம்பவே முடியாது. இயந்திரம் தடுமாறும் அந்த முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிவது பொருக்கு மட்டும்தான்.

ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு விடுப்பு எடுத்தால் கூலி போகும். காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் மருந்துக்கடை. மலைக் கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு இறங்கி வரவே அரை நாள் ஆகும். இவர்களுக்குத் தேவை ஒரு செவிலியர், ஒரு திரை, ஐந்து நிமிடம். தேவையே இல்லாத இடத்தில் நீலச் சொட்டைப் பற்றி மணிக்கணக்கில் காணொளி ஓடுகிறது. தேவைப்படும் இடத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

உங்கள் கவனத்துக்கு

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லையா? மருந்துக்கடையில் மாத்திரை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வயல், காடு, புதர், மேய்ச்சல் நிலம் என்று கடந்த மூன்று வாரத்தில் போயிருந்தால் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணியாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளினுக்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

மூச்சு வாங்குதல், குழப்பம், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள்.

காட்டு வேலைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். புல் மேல் துணியை உலர்த்தாதீர்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதரும் எலியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெத்திலின் புளூவை எந்த நோய்க்கும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்க லைம் நோயாளியின் வேதனையை நாம் ஏளனம் செய்யத் தேவையில்லை. மருத்துவம் பதில் சொல்லாத வலி அவருடையது. எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். மெத்திலின் புளூ அவருக்கு ஒரு நாள் உதவலாம், உதவாமலும் போகலாம். முறையான ஆய்வு செய்து அதைச் சொல்ல வேண்டியது அங்குள்ளவர்களின் வேலை. அதுவரை அது லைம் நோய்க்கு நிரூபிக்கப்படாத மருந்து. அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை.

நம் நிலை வேறு. நோய் தெரியும், பூச்சி தெரியும், மருந்து தெரியும், அந்த மருந்தை நிரூபித்த மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. மிச்சமிருப்பது மூன்றே காரியம். மழைக்காலம் தொடங்கும்போதே ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் டாக்சிசைக்ளின் கையிருப்பு இருக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் பெண்களை மறைவாக வைத்துப் பரிசோதிக்க ஒரு திரையும் ஒரு பெண் ஊழியரும் வேண்டும். மருந்துக்கடைக்காரர்களுக்கும் கம்பெனி முதலுதவி அறைகளுக்கும் இந்த நோயைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுப்பு எடுக்க வேண்டும். தோலின் தரத்தைக் காக்க மாட்டின் உண்ணிக்கு மருந்தடிக்கச் சொல்லும் தொழில்துறை, தன் தொழிலாளியின் தோலையும் பார்க்கச் சொல்லி ஒரு சுவரொட்டி ஒட்டினால் செலவு ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது.

சுகாதாரத் துறையும் தொழில்துறையும் செய்யும்போது செய்யட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால், கைபேசியில் மருந்து தேடாதீர்கள். அவர் உடம்பில் கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.